மைலோவுக்கு எத்தனை மினா?

கேள்வி: பழங்கிரேக்கத்தில் ஒலிம்பிக் வீரர்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்களாமே. தத்துவ ஞானிகளும் அப்படித்தானா?

பதில்: ஊர் கொண்டாடியது, ஞானிகளில் பலர் முகம் சுளித்தார்கள். மல்யுத்தத்தில் ஜெயித்தவனுக்கு முன்வரிசை இருக்கை, பொதுச் செலவில் சாப்பாடு. இதனால் ஊர் நிர்வாகம் சீராகுமா, களஞ்சியம் நிறையுமா என்று கவிதையிலேயே கேட்டார் செனோபனீஸ் என்ற கவிஞர்-ஞானி. கி.மு. 399இல் தன்மீது நடந்த விசாரணையில், தேர்ப் பந்தயத்தில் வென்றவனைவிட அந்தச் சாப்பாட்டுக்குத் தானே தகுதியானவன் என்று சாக்ரடீஸ் சொன்னதாகப் பிளேட்டோ எழுதுகிறார். தண்டனையை முடிவு செய்யும் நேரத்தில் இந்தப் பேச்சு!

பிளேட்டோவுக்கு உடற்பயிற்சி பிடிக்கும், தொழில்முறை வீரர்களைப் பிடிக்காது. தூங்கியே பொழுதைக் கழிக்கிறார்கள், உணவு முறை சற்றே பிசகினாலும் படுத்துவிடுகிறார்கள் என்பது அவர் குறை. வெயில், குளிர், கிடைத்த தண்ணீர் எல்லாவற்றையும் தாங்க வேண்டிய போர்வீரனுக்கு அந்த உடம்பு உதவாது.

கேள்வி: மிகையும் வேண்டாம், குறையும் வேண்டாம் என்று அரிஸ்டாட்டில் சொன்ன 'நடுநிலை' பயிற்சிக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தும், ஆனால் அது கூட்டி இரண்டால் வகுக்கும் கணக்கல்ல. பத்து மினா உணவு அதிகம், இரண்டு மினா குறைவு என்பதற்காகப் பயிற்சியாளர் எல்லோருக்கும் ஆறு மினா என்று எழுதித் தரமாட்டார் என்கிறார். (ஒரு மினா சுமார் 430 கிராம்.) ஆறு மினா மல்லர் மைலோவுக்குப் போதாது, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கு அதிகம்.

சிறுவர் விஷயத்தில் அவர் இன்னும் கறார். பருவம் வரும்வரை லேசான பயிற்சிதான். அடுத்த மூன்று ஆண்டு மற்ற படிப்பு. அதன் பிறகே கடும் பயிற்சியும் கட்டுப்பாடான உணவும். மூளையையும் உடம்பையும் ஒரே சமயத்தில் வருத்தினால் ஒன்று மற்றதைக் கெடுக்கும் என்பது காரணம். சிறுவனாகவும் ஆடவனாகவும் ஒலிம்பியாவில் வென்றவர்கள் இரண்டு மூன்று பேர்தான் என்று ஆதாரமும் காட்டுகிறார். டெல்பி போட்டிகளின் வெற்றியாளர் பட்டியலைத் தொகுத்தவர் ஆயிற்றே! வேடிக்கை என்னவென்றால், மைலோ சிறுவர் பிரிவிலும் வென்றவர்.

கேள்வி: அவர்களிடம் பயிற்சி அட்டவணை இருந்ததா?

பதில்: பிற்காலத்தில் நான்கு நாள் சுழற்சி இருந்தது. முதல் நாள் உடம்பைத் தயார்ப்படுத்தும் வேகமான, குறுகிய பயிற்சி. இரண்டாம் நாள் முழு மூச்சு. மூன்றாம் நாள் தளர்வு. நான்காம் நாள் மிதம். உடற்பயிற்சி பற்றி நூல் எழுதிய கிரேக்க எழுத்தாளர் பிலோஸ்ட்ராடஸுக்கு இதில் துளியும் மரியாதை இல்லை. ஒலிம்பியாவில் வென்று, விருந்தில் குடித்துக் களைத்து வந்த ஜெரனஸ் என்ற மல்லரை, முறை தவறக் கூடாது என்று பயிற்சியாளர் கோபத்தோடு பயிற்சியில் இறக்கினார். மல்லர் அங்கேயே இறந்துபோனார். பழி பயிற்சியாளரின் அறியாமைக்குத்தான் என்கிறார் பிலோஸ்ட்ராடஸ்.