கட்டி மட்டும் போதுமா, மார்பையே எடுக்கணுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. முக்கூடலில் பீடி சுற்றுகிறேன். குளிக்கும்போது இடது மார்பில் சின்னக் கட்டி ஒன்று தட்டுப்பட்டது. வலியே இல்லை. ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய், ஆரம்ப நிலை என்று வந்திருக்கிறது. கட்டியை மட்டும் எடுக்கலாம், மார்பை முழுதாகவும் எடுக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்கிறார் டாக்டர். "கத்தி பட்டா பரவிரும்லா" என்கிறார் மாமியார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

பதில்: அன்புத் தங்கைக்கு,

வலிக்காத கட்டி என்று விட்டுவிடாமல் உடனே போய்க் காட்டினீர்களே, அதுவே பெரிய காரியம். இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. அதனாலேயே பலர் முற்றியபின் வருகிறார்கள். அப்படி வந்தவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு பிழைக்காமல் போனதைப் பார்த்துத்தான் ஊரில் கத்திமேல் பழி விழுந்தது. கத்தி பட்டு நோய் பரவுவதில்லை.

முழுதாக எடுத்தால்தான் உயிர் நிலைக்கும் என்றும் பயப்பட வேண்டாம். அமெரிக்காவிலும் இத்தாலியிலும் இரண்டு விதமாகவும் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களை 20 வருடம் கவனித்து 2002-இல் முடிவைச் சொன்னார்கள். உயிர் வாழ்ந்ததில் வித்தியாசம் இல்லை. மிச்சம் வைத்த மார்பில் கட்டி திரும்ப வரும் வாய்ப்பு மட்டும் கொஞ்சம் உண்டு. அதைக் குறைக்கத்தான் கதிர்வீச்சு.

உங்கள் முடிவு இந்தக் கதிர்வீச்சில்தான் இருக்கிறது. வழக்கமாக வாரம் ஐந்து நாள், மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை போக வேண்டியிருக்கும். முக்கூடலிலிருந்து தினமும் பஸ் ஏற முடியுமா? பாளையங்கோட்டைப் பக்கம் தங்க உறவு வீடு உண்டா? அத்தனை நாள் பீடிக் கூலி இல்லாமல் வீடு ஓடுமா? இதை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். முடியும் என்றால், என்னைக் கேட்டால், கட்டியை மட்டும் எடுப்பதே நல்லது. முடியாது என்றால் முழுதாக எடுப்பதில் தவறில்லை. ஆனால் அக்குள் நெறிக்கட்டியில் நோய் இருந்தால் அப்போதும் கதிர்வீச்சு தேவைப்படலாம். கீமோ என்கிற மருந்து ஏற்றுவதும் அப்படித்தான், மார்பை எடுத்துவிட்டால் அது வேண்டாம் என்று ஆகிவிடாது.

அக்குளில் நெறிக்கட்டி எவ்வளவு எடுப்பார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். நிறைய எடுத்தால் கை வீங்கலாம், தோள் இறுகலாம். நாள் முழுக்க மடியில் தட்டை வைத்து இலை சுற்றுகிற உங்களுக்கு இது முக்கியம். கைப்பயிற்சியை ஆஸ்பத்திரியிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

யோசிக்க ஒன்றிரண்டு வாரம் எடுக்கலாம். நாட்டு மருந்து பார்ப்போம் என்று மாதக்கணக்கில் தள்ள வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலும் காட்டி இன்னொரு கருத்துக் கேட்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, பீடித் தொழிலாளர் அட்டை இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை போகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்கள். கத்தி பட்டால் பரவுமா என்று அவரே டாக்டரிடம் கேட்கட்டும்.