பண்ணை நடத்தியவர் ஒருவர் நாட்டையே ஆண்டதுண்டா?

உண்டு. நம்மிடையே பண்ணை என்றால் நெல்வயலும் களத்துமேடும் நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது செம்மறி ஆடும் கம்பளியும் சார்ந்த பண்ணை. 1975 முதல் 1983 வரை ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த மால்கம் பிரேசர் அப்படிப்பட்ட பண்ணைக் குடும்பத்திலிருந்து வந்தவர்.

1930இல் பிறந்த அவருடைய சிறுவயது, நியூ சவுத் வேல்ஸில் எட்வர்ட் ஆற்றையொட்டிய பால்பூல்-நியாங் பண்ணையில் பெரும்பாலும் தனிமையில் கழிந்தது. வறட்சி விடாமல் வாட்டியதால் அவருடைய தந்தை 1940களில் அதை விற்றுவிட்டு, மழைவளம் கூடிய மேற்கு விக்டோரியாவில் நரீன் பண்ணையை வாங்கினார். ஆக்ஸ்போர்டில் தத்துவமும் அரசியலும் பொருளியலும் படித்து 1952இல் திரும்பிய மகன், அங்கேயே ஆடுமாடு வளர்ப்பில் இறங்கினார். பாட்டனார் சைமன் பிரேசர் நாட்டின் முதல் செனட்டில், அதாவது நாடாளுமன்ற மேலவையில், உறுப்பினராக இருந்தவர் என்பதால், அரசியல் அந்த வீட்டுக்குப் புதிதன்று.

1954இல் வான்னன் தொகுதியில் அவர் 17 வாக்குகளில் தோற்றார். நம் ஊரில் ஒரு கல்யாண வேனில் ஏறும் கூட்டம்தான் அது. மறு ஆண்டே வென்று, 25 வயதில் நாடாளுமன்றத்தின் மிக இளைய உறுப்பினரானார்.

1975இல் எதிர்க்கட்சியான லிபரல் கட்சியின் தலைவராக, செனட்டில் தம் கூட்டணிக்கு இருந்த பலத்தைக் கொண்டு பிரதமர் கஃப் விட்லமின் தொழிற்கட்சி அரசின் நிதி மசோதாக்களை நிறைவேறவிடாமல் நிறுத்திவைத்தார். நவம்பர் 11 அன்று அரசியின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் சர் ஜான் கெர் விட்லமைப் பதவி நீக்கி, பிரேசரை இடைக்காலப் பிரதமராக்கினார். டிசம்பர் தேர்தலில் அவருடைய கூட்டணி 127 இடங்களில் 91ஐ வென்றது உண்மைதான். ஆயினும், கீழவையில் பெரும்பான்மை பெற்றிருந்த ஓர் அரசை அவ்வழியில் வீழ்த்தியதை என்னால் ஏற்க முடிந்ததில்லை.

அவரை மேல்தட்டுப் பண்ணையார் என்று மட்டும் ஒதுக்கவும் முடியாது. வடக்குப் பிரதேசப் பூர்வகுடிகளின் நில உரிமைச் சட்டம், முந்தைய அரசு தொடங்கிவைத்த மசோதாவாக இருந்தும், 1976இல் அவருடைய ஆட்சியில்தான் நிறைவேறியது. வியட்நாம் போரை அமைச்சராக ஆதரித்தவர், அந்நாட்டிலிருந்து தப்பி வந்த ஆயிரக்கணக்கான அகதிகளுக்குப் பிரதமராக இடமளித்தார். தென்னாப்பிரிக்க நிறவெறியைக் காமன்வெல்த் மாநாடுகளில் விடாது எதிர்த்தார்.

சிறுவயதில் பண்ணையைப் பறித்த வறட்சி, 1982இல் கிழக்கு ஆஸ்திரேலியாவின் பெரும்பகுதியைப் பிடித்தது. வேலையின்மையும் பொருளாதாரச் சரிவும் அதனோடு சேர்ந்துகொள்ள, 1983 மார்ச் 5 தேர்தலில் தொழிற்கட்சித் தலைவர் பாப் ஹாக்கிடம் தோற்றார். பின்னாளில் தாம் தலைமை தாங்கிய லிபரல் கட்சியையே, அது வலப்பக்கம் மிகவும் சாய்ந்துவிட்டது என்று விட்டு விலகினார். அதற்கு முன்பே, 1999 குடியரசு வாக்கெடுப்பின்போது, அரசிக்கும் கவர்னர் ஜெனரலுக்கும் பதிலாகக் குடியரசுத் தலைவர் வேண்டும் என்று கோரும் விளம்பரத்தில், அவரும் விட்லமும் சேர்ந்தே தோன்றியிருந்தார்கள்.