சுருட்டை முடியும் பார்லர் ஏமாற்றமும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

சுருட்டை முடிக்காரர்கள் பார்லரில் பட்ட கஷ்டத்தை எழுதி அனுப்புங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று கேட்டிருந்தேன். புதுச்சேரியிலிருந்தும் கடலூர் பக்கமிருந்தும் நிறைய வந்திருக்கின்றன. நான் லாஸ்பேட்டையில் முடி வெட்டும் தொழிலில் இருக்கிறேன். என் முடியும் சுருட்டைதான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

மஞ்சக்குப்பம், கல்லூரி மாணவி: அக்கா, தோளுக்குக் கீழே நிற்கிற மாதிரி வெட்டச் சொன்னேன். கண்ணாடியில் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து காய்ந்ததும் தாடைக்கு ஏறிவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் அளவும் வேறு. கேட்டால், "உங்க முடி அப்படி" என்கிறார்கள். என் முடியில்தான் பிரச்சினையா?

இல்லம்மா, வெட்டிய முறையில்தான் பிரச்சினை. முடி நனைந்தால் உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுவிடும். தண்ணீரின் கனமும் சேர்ந்து சுருள் நீண்டு தொங்கும். காய்ந்ததும் அந்தப் பிணைப்புகள் திரும்பச் சேரும், சுருள் மேலே ஏறிக்கொள்ளும். ஈர முடியைச் சீப்பால் இழுத்துப் பிடித்து வெட்டுகிறவர், காய்ந்தால் எவ்வளவு ஏறும் என்பதைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். உங்களுக்கு வெட்டியவர் எடுக்கவில்லை.

பக்கத்துக்குப் பக்கம் அளவு மாறுவதற்குக் காரணம் இருக்கிறது. நெற்றியோரத்துச் சுருள் ஒன்றை நுனியைப் பிடித்து நேராக இழுத்துப் பாருங்கள், வாய் வரைக்கும் வரும். விட்டால் புருவத்துக்கு ஓடிவிடும். இப்போது பிடரியில் ஒன்றை இழுத்து விடுங்கள். பெரும்பாலும் அது அவ்வளவு ஏறாது. ஒரே தலையில் உச்சி ஒரு மாதிரி, காதோரம் ஒரு மாதிரி, பிடரி ஒரு மாதிரி சுருளும். எல்லாவற்றையும் இழுத்து ஒரே கோட்டில் வெட்டினால் காய்ந்த பிறகு கோடு எப்படி நிற்கும்?

அதனால்தான் சுருட்டை முடியைக் காய்ந்த நிலையில், சுருள் சுருளாகப் பார்த்து வெட்டச் சொல்கிறோம். ஈரத்தில் வெட்டியே தீருவேன் என்று ஒருவர் சொன்னால், கேட்டதைவிட மூன்று விரல் அதிகமாக விட்டு வெட்டச் சொல்லுங்கள். காய்ந்த பிறகு மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம். போகும்போது எண்ணெய் வைக்காமல், ஜடை போடாமல், முந்தின நாள் தலைக்குக் குளித்துத் தானாகக் காய்ந்த முடியோடு போங்கள். ஜடையை அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தால் வெட்டுகிறவருக்கு உங்கள் உண்மையான சுருள் தெரியாது.

இப்போதைக்கு அதைச் சரிசெய்கிறேன் என்று மறுபடி கத்தரி வைக்க விடாதீர்கள், இன்னும் குட்டையாகும். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். சுருட்டையில் அந்த வளர்ச்சி கண்ணுக்குத் தெரியவே நாளாகும். மூன்று மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முத்தியால்பேட்டை, வங்கி ஊழியர்: டிரிம் செய்யத்தான் போனேன். உட்கார்ந்ததுமே, "முடி ரொம்ப டேமேஜ் மேடம், கெரட்டின் பண்ணிடலாம்" என்றார்கள். வேண்டாம் என்று மூன்று முறை சொன்ன பிறகும் விடவில்லை. உண்மையிலேயே டேமேஜா, இல்லை சுருட்டை என்பதால் சொல்கிறார்களா?

உங்கள் முடியைப் பார்க்காமல் டேமேஜ் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பேச்சு நிறைய கடைகளில் சுருட்டை முடியைக் கண்டதுமே வாய்க்கு வந்துவிடுகிறது. எனக்கு இதில் ரொம்ப வருத்தம். சுருட்டை முடி பார்வைக்கு எப்போதும் கொஞ்சம் உலர்ந்துதான் தெரியும். தலையில் ஊறும் எண்ணெய் நேர் முடியில் சுலபமாக நுனிக்கு இறங்கிவிடும். சுருளின் வளைவுகளில் இறங்க அதற்கு நேரமாகும். அது முடியின் இயல்பு, சேதம் இல்லை. நுனி இரண்டாகப் பிளந்திருக்கிறதா, ஈரத்தில் இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டு அறுந்து போகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால்தான் சேதம்.

கெரட்டின் என்ற பெயரில் செய்வதில் பெரும்பாலும் நடப்பது முடியை நேராக்கும் வேலை. மருந்தைத் தடவி, 200 டிகிரிக்கு மேல் சூடான அயர்ன் வைத்து இழுக்கிறார்கள். பழைய வகை மருந்துகளில் சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு ஆவியாகக் கிளம்பும். கண் எரிவதும் தொண்டை கரகரப்பதும் அதனால்தான். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் அதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது. அது இல்லை என்று விற்கும் புதிய மருந்துகள் பலவற்றில் கிளையாக்ஸிலிக் அமிலம் இருக்கிறது. ஒரே இளம் பெண்ணுக்கு மூன்று முறை இந்த வகை ஸ்ட்ரெய்டனிங் செய்ததும், மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதும் 2024-ல் மருத்துவ இதழில் வெளியானது.

எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் டப்பாவைக் கையில் வாங்கி, என்ன கலந்திருக்கிறது என்று படித்துப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. டப்பாவைக் காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மாரும் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

தொந்தரவு செய்கிறவர்களிடம், "எனக்குச் சுருட்டைதான் பிடிக்கும், டிரிம் மட்டும்" என்று உட்காரும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று சொன்னீர்களானால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

திருப்பாதிரிப்புலியூர், பெயர் வேண்டாம் என்றவர்: போன வருடம் தங்கையின் கல்யாணத்துக்கு ஸ்ட்ரெய்டனிங் செய்தேன். இப்போது மேலே பாதி சுருட்டை, கீழே பாதி கம்பி மாதிரி நேர். பழைய சுருள் திரும்ப வருமா?

மருந்து பட்ட பகுதிக்கு வராது. நிரந்தர ஸ்ட்ரெய்டனிங் என்பது முடிக்குள் இருக்கும் டைசல்ஃபைடு பிணைப்பையே உடைத்து, நேராக வைத்து மறுபடி ஒட்டும் வேலை. கண்டிஷனர், ஸ்பா எதுவும் அதை மாற்றாது. மேலே வளர்கிறது உங்கள் சொந்த முடி. மாதாமாதம் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே வாருங்கள். இரண்டு வகை முடி சேரும் இடம்தான் சீக்கிரம் அறும், அங்கே இறுக்கிக் கட்டாதீர்கள். மேல் பாதியையும் நேராக்கிக்கொள்ளுங்கள் என்று பார்லரில் சொல்வார்கள். ஒத்துக்கொண்டால் இது முடியவே முடியாது.

மிஷன் வீதி அருகே கடை வைத்திருப்பவர்: வெட்டி முடித்ததும் ப்ளோ டிரை செய்து நேராக்கித்தான் அனுப்புகிறார்கள். வேண்டாம் என்றால் முகம் மாறுகிறது.

முகம் மாறினால் மாறட்டும். நேராக்கிக் காட்டினால் வெட்டு எப்படி வந்திருக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாது. வீட்டில் தலைக்குக் குளித்த பிறகுதான் தெரியும், அதற்குள் பணம் கட்டியிருப்பீர்கள். டிஃப்யூசர், அதாவது டிரையர் முனையில் மாட்டிக் காற்றைப் பரப்பி விடும் கிண்ணம், இருந்தால் அதை மாட்டி, குறைந்த சூட்டில் சுருளாகவே காய வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஈரத்தோடு எழுந்து வாருங்கள். அந்த நேர் முடியும் நிற்கப் போவதில்லை. சாயங்காலம் கடற்கரைச் சாலையில் ஒரு நடை போனால் போதும், காற்றில் இருக்கும் ஈரமே சுருளைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

நெல்லிக்குப்பம், இளைஞர்: அக்கா, சலூனில் "அடர்த்தி ஜாஸ்தி, குறைச்சுடறேன்" என்று பல் வைத்த கத்தரியால் வெட்டினார். இப்போது தலை முழுக்கப் பரட்டையாக நிற்கிறது.

தம்பி, அது தின்னிங் கத்தரி. சுருட்டை முடியில் கண்ட இடத்தில் வைத்தால் நடுவில் குட்டை முடிகள் உண்டாகி, மேலே இருக்கும் நீள முடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். பிளேடு வைத்துச் சீவுவதும் அப்படித்தான், நுனி சிலிர்க்கும். பக்கவாட்டில் மெஷின் போடலாம், தப்பில்லை. மேல் முடிக்குச் சாதாரணக் கத்தரி மட்டும் என்று சொல்லுங்கள். உங்களை மாதிரி முடி உள்ள ஒருவரின் படத்தைக் காட்டுங்கள். நேர் முடிக்காரர் படத்தைக் காட்டினால் அந்த வெட்டு உங்களுக்கு வராது.

வில்லியனூர், ஆறு வயதுப் பெண்ணின் அம்மா: பார்லரில் காய்ந்த முடியை உச்சியிலிருந்து சீப்பால் இழுத்தார்கள். குழந்தை அழுதுவிட்டாள். "இவ்வளவு சிக்கா, வீட்டில் கவனிக்கிறதே இல்லையா" என்று என்னையும் கேட்டார்கள். மொட்டை அடித்தால் நேர் முடி வரும் என்கிறார் மாமியார்.

உங்களை அப்படிக் கேட்டது தப்பு. சுருட்டை முடியில் சிக்கு விழத்தான் செய்யும், அதற்கும் கவனிப்புக்கும் சம்பந்தம் இல்லை.

மொட்டை அடிப்பதால் சுருள் மாறாது. முடி சுருளுவது தோலுக்குள் இருக்கும் வேர்ப்பையின் வளைவினால். மேலே மழித்தால் அந்தப் பை மாறுவதில்லை. குழந்தை வளர வளர முடி தானாகவே மாறுவது உண்டு. வயதுக்கு வரும் பருவத்தில் இன்னும் மாறலாம். மொட்டைக்குப் பிறகு மாறியது என்று சொல்பவர்கள் பார்த்தது அதைத்தான். வேண்டுதல் என்றால் தாராளமாக அடியுங்கள்.

சிக்கு எடுப்பதற்குத் தலை ஈரமாக இருக்க வேண்டும், கண்டிஷனர் தாராளமாக இருக்க வேண்டும். முதலில் விரல், அப்புறம் அகலப் பல் சீப்பு. நுனியில் ஆரம்பித்து மேலே ஏறுங்கள். கண்டிஷனர் பிடிக்காவிட்டால் செம்பருத்தி இலையைக் கசக்கி எடுத்த வழுவழுப்பு நன்றாகவே வேலை செய்யும். வடிகட்டித் தடவுங்கள், இல்லாவிட்டால் துணுக்கெல்லாம் சுருளில் மாட்டிக்கொள்ளும்.

கடலூர் முதுநகர்: பார்லரில் கழுவினால் முடி பட்டுப் போல இருக்கிறது. வீட்டில் போர் தண்ணீரில் குளித்தால் வைக்கோல். "மாதம் ஒரு ஸ்பா எடுங்க" என்கிறார்கள்.

ஸ்பாவுக்குக் கொடுக்கும் காசு வீண். கடலோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பேறிக் கிடக்கிறது. கடின நீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் முடியில் படிந்து சுருளைக் கலைத்துவிடும். அந்தப் படிவைப் பிடித்து எடுக்கும் ஈடிடிஏ (EDTA) கலந்த ஷாம்பூவை மாதம் இரண்டு முறை போடுங்கள், டப்பாவில் பார்த்து வாங்குங்கள். மற்ற நாட்களில் கடைசிக் குவளை மட்டும் குடிதண்ணீராக இருக்கட்டும். மழைக்காலத்தில் மொட்டை மாடியில் பிடித்த தண்ணீர் அதைவிட நல்லது.

புதுச்சேரி, ஐடி ஊழியர்: மருந்து போட்டபோது எரிகிறது என்றேன், கேட்கவில்லை. மண்டையில் புண், முடி கொத்தாக உடைகிறது. காசு திரும்பக் கேட்டால் சிரிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

முதலில் தோல் மருத்துவர். அவர் எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் பிறகு உங்கள் ஆதாரம். புண்ணையும் உடைந்த முடியையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பில், பணம் அனுப்பிய குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள். பார்லருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பார்லர் பில் அளவுள்ள தொகைக்கு வழக்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

ஆதாரத்தை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2018-ல் டில்லியில் ஒரு பெரிய ஹோட்டல் சலூனில் முடியைத் தப்பாக வெட்டிவிட்டார்கள் என்ற வழக்கில், தேசிய ஆணையம் 2021-ல் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அவ்வளவு தொகைக்கு ஆதாரம் காட்டப்படவில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, மறுபடி விசாரிக்க அனுப்பியது.

பண்ருட்டி: சுருட்டை என்றால் கூடுதல் பணம் கேட்கிறார்கள், சரியா?

நேரம் அதிகம் எடுத்து, காய்ந்த முடியில் சுருள் சுருளாக வெட்டினால் சரி. எல்லாருக்கும் போல இருபது நிமிடத்தில் வெட்டிவிட்டுக் கூடுதல் கேட்டால் கொடுக்காதீர்கள். போவதற்கு முன் போனில் கேளுங்கள்: காய்ந்த நிலையில் வெட்டுவீர்களா, டிஃப்யூசர் இருக்கிறதா, நீங்கள் வெட்டிய சுருட்டை முடிப் படம் அனுப்புவீர்களா? மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்தால் நம்பிப் போகலாம்.

அரியாங்குப்பம், சின்ன பார்லர் நடத்துபவர்: அக்கா, நீங்கள் எழுதுவதைப் படித்தால் குற்ற உணர்ச்சி வருகிறது. நான் படித்த கோர்ஸில் சுருட்டை முடியைப் பற்றி ஒரு வகுப்புகூட இல்லை. பயிற்சிக்குக் கொடுத்த பொம்மைத் தலையிலும் நேர் முடிதான்.

உங்கள் மேல் தப்பில்லை. நானும் அந்த மாதிரி பொம்மைத் தலையில்தான் பழகினேன். நம் ஊரில் சுருட்டை முடி இவ்வளவு பேருக்கு இருந்தும் பாடத்தில் இடம் இல்லை என்பது எனக்கும் ஆறாத விஷயம். இப்போதைக்கு மூன்று பழக்கம் போதும். தண்ணீர் தெளிக்கும் முன் அவர்கள் சுருளைத் தொட்டு, இழுத்து விட்டுப் பாருங்கள். நீளத்தை அவர்கள் கையாலேயே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். கேட்டதைவிடக் குறைவாக வெட்டி, எழுந்து தலையை உதறச் சொல்லிப் பார்த்துவிட்டு மிச்சத்தை எடுங்கள். புதன்கிழமை காலையில் என் கடையில் கூட்டம் இருக்காது. சுருட்டை முடி உள்ள தோழி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர் தலையிலேயே சேர்ந்து வெட்டிப் பார்க்கலாம்.