முன்னாள் சம்பியன் மீண்டும் மூன்று வாரப் போட்டிக்குத் திரும்பலாமா?

வாசகர் கேள்வி – பதில்: விளையாட்டு

கேள்வி: டூர் டி பிரான்ஸ் சைக்கிளோட்டப் போட்டியை நான்கு தடவை வென்ற கிறிஸ் ஃப்ரூம் இன்னுமொரு மூன்று வாரப் போட்டியில் ஓட வேண்டுமா, வேண்டாமா என்று எனக்கும் என் மகனுக்கும் இடையில் ஓயாத வாக்குவாதம் நடக்கிறது. சம்பியன் என்றால் களத்தில் நின்றுதான் விடைபெற வேண்டும் என்பது அவனுடைய வாதம். நாற்பது வயதைக் கடந்த மனிதர் பிள்ளைகளோடு வீட்டில் இருக்கட்டும் என்கிறேன் நான். தங்கள் தீர்ப்பு என்ன?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

பதில்: தீர்ப்பு உங்கள் பக்கமே, அம்மா. ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்தை நான் ஏற்கவில்லை. வயதை மட்டும் வைத்து ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதென்றால், 2013 இல் ஸ்பெயினின் வுவெல்டா போட்டியை 41 வயதில் வென்ற அமெரிக்கர் கிறிஸ் ஹோர்னரையும், 1976 இல் 40 வயதில் டூர் டி பிரான்ஸில் மூன்றாம் இடம் பெற்ற ரேமோன் பூலிடோரையும் அப்போதே அனுப்பியிருக்க வேண்டும்.

ஃப்ரூமின் கதையில் பார்க்க வேண்டியது பிறந்த ஆண்டையல்ல, 2019 ஜூன் 12 ஆம் திகதியை. அதற்கு முந்திய ஆண்டு, 2018 மே மாதத்தில், இத்தாலியின் ஜிரோ போட்டியில் முதலிடத்திலிருந்தவரைவிட 3 நிமிடம் 22 செக்கன் பின்தங்கி நான்காம் இடத்தில் இருந்த அவர், 19 ஆம் கட்டத்தில் (ஒரு நாளைய ஓட்டமே ஒரு கட்டம்) ஃபினெஸ்ட்ரே மலையின் சரளைப் பாதையில் எல்லோரையும் விட்டுப் பிரிந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தூரத்தைத் தனியாக ஓடி, அந்தப் போட்டியையே வென்றார். இக்காலத்தில் ஒரு சைக்கிளோட்ட வீரர் நிகழ்த்திய மிகத் துணிச்சலான காரியம் அதுவென்றே நான் எண்ணுகிறேன். அதன்பின் அவர் ஓடி வென்ற போட்டி எதுவும் இல்லை. 2019 ஜூனில் பிரான்ஸின் ரோவான் நகருக்கு அருகே நேரச் சோதனை ஓட்டத்தின் (வீரர்கள் ஒவ்வொருவராகக் கடிகாரத்தோடு போட்டியிடும் ஓட்டம்) பாதையைப் பார்வையிடச் சென்றபோது, மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் சுவரில் மோதி, தொடை எலும்பும் முழங்கையும் விலா எலும்புகளும் முறிந்தன.

அந்த விபத்துக்குப் பின் அவர் பெற்ற இடங்களைப் பாருங்கள்: 2020 வுவெல்டாவில் 98, 2021 டூர் டி பிரான்ஸில் 133, 2022 வுவெல்டாவில் 114. இடையில் ஒரே ஒரு நாள், 2022 ஜூலையில் டூர் டி பிரான்ஸின் ஆல்ப் துவேஸ் மலைக் கட்டத்தில், பழைய ஃப்ரூமைக் கண்டோம். அன்று மூன்றாவதாக வந்தார். சில நாட்களில் கொவிட் தொற்றினால் போட்டியைவிட்டு விலக நேர்ந்தது. 2022 செப்டெம்பருக்குப் பின் எந்த மூன்று வாரப் போட்டியிலும் அவர் ஓடவில்லை.

இவையெல்லாம் போதாதென்று, 2025 ஓகஸ்ட் மாதத்தில் தூலோன் நகருக்கு அருகே பயிற்சியின்போது மீண்டும் விழுந்தார். ஐந்து விலா எலும்புகள் முறிந்தன, நுரையீரல் ஒன்று சுருங்கியது, முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் முறிவு ஏற்பட்டது. இதயத்தைச் சுற்றியுள்ள உறை கிழிந்திருந்தது என்ற செய்தியும் பின்னர் வெளிவந்தது. இருபத்தொரு கட்டங்கள், இடையில் இரண்டே ஓய்வு நாட்கள், மொத்தம் மூவாயிரத்து முந்நூறு கிலோமீற்றர் வரையிலான ஓட்டம், மழையில் நனைந்த மலைச்சரிவில் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் இறக்கம் என்று அமைந்த ஒரு போட்டிக்கு அந்த உடம்பை அனுப்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். அவர் திரும்ப வேண்டிய களம் அவர் விட்டுச்சென்ற களமாக இல்லை. 2017 இல் அவர் வென்ற டூர் டி பிரான்ஸின் சராசரி வேகம் மணிக்கு 41 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. 2022 இல் டென்மார்க்கின் யோனாஸ் வின்கெகார்ட் வென்றபோது அது 42 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. ஒரு கிலோமீற்றர்தானே என்று நினைக்கக் கூடாது. ஏற்றங்களில் அந்த வேகத்தோடு ஒட்டி நிற்க முடியாதவர் பின்தங்கிய கூட்டத்தோடு சேர்ந்து, வெளியேற்றும் நேர எல்லைக்குள் வந்துசேர்வதற்காகவே நாள் முழுவதும் மிதிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: கிரெக் லெமொண்ட் துப்பாக்கிச் சூட்டிலிருந்து மீண்டு வென்றார். ஏகன் பெர்னாலும் திரும்பி வந்தார். ஃப்ரூமுக்கு மட்டும் ஏன் கதவைச் சாத்துகிறீர்கள்?
– பல்கலைக்கழக மாணவர், ஒலுவில்

பதில்: நல்ல எடுத்துக்காட்டுகள், ஆனால் இரண்டுமே இளைஞர்களின் கதைகள். லெமொண்ட் 1987 இல் வேட்டைக்குச் சென்ற இடத்தில் தவறுதலாகச் சுடப்பட்டபோது அவருக்கு வயது 25. இரண்டு ஆண்டுகளின் பின் டூர் டி பிரான்ஸை 8 செக்கன் வித்தியாசத்தில் வென்றார். பெர்னால் 2022 ஜனவரியில் கொலம்பியாவில் நின்றுகொண்டிருந்த பேருந்தின் பின்புறத்தில் மோதியபோது அவருக்கும் வயது 25 தான். அவர் 2025 ஜிரோவில் ஏழாம் இடம் பெற்றதையும், அதே ஆண்டு வுவெல்டாவில் ஒரு கட்டத்தை வென்றதையும் நான் எழுந்து நின்று கைதட்டத் தக்க காரியங்களாகவே கருதுகிறேன். ஆயினும் அந்த நிலையை எட்டுவதற்கு அந்த இளம் உடம்புக்கே மூன்றரை ஆண்டுகள் பிடித்தன என்பதைக் கவனியுங்கள். ஃப்ரூமுக்கு முதல் விபத்து நடந்தபோது வயது 34.

நீங்கள் மார்க் கவெண்டிஷைக் கேட்டிருந்தால் என்னைச் சிறிது திணறடித்திருப்பீர்கள். ஃப்ரூம் பிறந்ததற்கு மறுநாள், 1985 மே 21 இல் பிறந்தவர் அவர். 2023 இல் தோள்பட்டை எலும்பு முறிந்து டூர் டி பிரான்ஸிலிருந்து வெளியேறியவர், ஓய்வு பெறப்போவதாக ஏற்கெனவே அறிவித்திருந்தும் மனத்தை மாற்றிக்கொண்டு, 2024 இல் 39 வயதில் திரும்பி வந்து, 35 ஆவது கட்ட வெற்றியைப் பெற்று பழைய பெல்ஜிய சம்பியன் எடி மெர்க்ஸின் சாதனையை முறியடித்தார். ஆனால் அவர் விரைவோட்டக்காரர். மலைகளை நேர எல்லைக்குள் கடந்துவிட்டு, தட்டையான பாதையில் ஒரு நாளின் இறுதி இருநூறு மீற்றரை வென்றாலே அவருடைய வேலை முடிந்தது. மொத்த நேரத்தில் முதலிடத்துக்கு ஓடுபவருக்கோ இருபத்தொரு நாளில் ஒரு கெட்ட நாள் வந்தாலும் எல்லாம் போய்விடும்.

கேள்வி: வெல்லாவிட்டால் என்ன? இளம் வீரர்களுக்கு உதவியாக ஓடலாமே?
– தபால் ஊழியர், ஏறாவூர்

பதில்: வந்த கடிதங்களில் இதுவே கூர்மையான கேள்வி. ஆடி மாதத்துக் கச்சான் காற்றில் கல்லடிப் பாலத்தைச் சைக்கிளில் கடந்தவருக்கு, முன்னால் ஒருவர் காற்றை மறித்துச் செல்வதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. உதவி வீரரின் முதல் வேலை அதுவே. தலைவருக்காகக் காற்றை வாங்குவது, காரிலிருந்து தண்ணீர்ப் போத்தல்களைக் கொண்டுவருவது, அவருடைய சில்லில் காற்றுப் போனால் தன் சில்லைக் கழற்றிக் கொடுப்பது என்று அந்தப் பணி நீளும். 2018 இல் டூர் டி பிரான்ஸை வென்ற ஜெரெய்ன்ட் தோமஸ் தமது கடைசி டூர் டி பிரான்ஸை 2025 இல் 39 வயதில் எவ்விதக் கூச்சமும் இன்றி அணிக்காகவே ஓடி முடித்தார். அதில் எனக்குப் பெரும் மரியாதை உண்டு.

ஆனால் தலைவரின் முன்னால் காற்றை மறிப்பவர் அவருக்கு முன்னால் போகக்கூடியவராக இருக்க வேண்டும் அல்லவா? அணிக்கு எட்டுப் பேர் மட்டுமே. 2023 இல் ஃப்ரூமின் அணி அவரை டூர் டி பிரான்ஸுக்குத் தெரிவு செய்யவில்லை. அந்த ஆண்டு அதே அணியின் மைக்கல் வூட்ஸ், 36 வயதில், புய் த டோம் எரிமலைச் சிகரத்தில் கட்ட வெற்றி பெற்றார். பெயருக்காக ஓர் இடத்தை ஒதுக்கியிருந்தால், அந்த மலையில் பாடுபட்ட யாரோ ஒருவர் வீட்டில் இருந்து பார்த்திருப்பார்.

கேள்வி: அப்படியானால் சரியான நேரத்தில் விலகியவர் என்று யாரைச் சொல்வீர்கள்?
– சைக்கிள் திருத்துநர், திருக்கோவில்

பதில்: பெர்னார் ஹினோவை முதலில் சொல்வேன். 32 வயதில் நிறுத்துவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, 1986 இல் டூர் டி பிரான்ஸில் இரண்டாம் இடம் பெற்ற நிலையில் சொன்னபடியே நிறுத்தினார். மிகெல் இந்துரைன் ஆறாவது வெற்றியைத் தேடி 1996 இல் ஓடி 11 ஆம் இடத்துக்குச் சரிந்து, அடுத்த ஜனவரியிலேயே விலகினார். அதுவும் கௌரவமான முடிவுதான். ஆயினும் என் மனத்துக்கு நெருக்கமானவர் அல்பர்ட்டோ கொண்டடோர். 2017 வுவெல்டாவே தமது கடைசிப் போட்டி என்று அறிவித்துவிட்டு வந்து, இறுதி நாளுக்கு முந்திய நாள் அங்லிரு மலையில் அவர் தனியாக வென்றபோது, அவரைத் துரத்தி வந்தவர்களில் ஒருவர் அந்தப் போட்டியை வெல்லவிருந்த ஃப்ரூம்.