பாட்டி சபித்தாளா, சத்தியம் செய்தாளா?

கேள்வி: சிறுகதை ஒன்று எழுதுகிறேன். அண்டா திருடுபோன தகராறில் ஒரு பாட்டி, "நான் எடுத்திருந்தா என் கண்ணு அவிஞ்சு போகட்டும்" என்கிறாள். அடுத்து "என்று சபித்தாள்" என எழுதினேன். அது சாபம் இல்லை, சத்தியம் என்கிறார் நண்பர். எது சரி?

பதில்: நண்பர் சொல்வதுதான் சரி. கெடுதல் யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். பாட்டி தன் கண்ணையே பணயம் வைக்கிறாள். "எடுத்தவ கண்ணு அவிஞ்சு போகட்டும்" என்றிருந்தால் அது சாபம்.

நீங்கள் குழம்பியதில் வியப்பில்லை. சாபம், சபதம் இரண்டும் வடமொழியில் ஒரே வேரில் பிறந்தவை. சத்தியத்துக்குள்ளேயே ஒரு சாபம் உட்கார்ந்திருக்கிறது, தனக்குத் தானே இட்டுக்கொண்டதாக.

புறநானூற்று 72ஆம் பாட்டைப் பாருங்கள். தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் பாடியது. பகைவரை முரசோடு சேர்த்துப் பிடிக்காவிட்டால், என் குடிமக்கள் 'கொடியன் எம் இறை' என்று கண்ணீர்விட்டுத் தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் விடட்டும் என்கிறான். புலவர் பாடாததைத் தண்டனையாக நினைத்த ராஜா! இப்படிச் சபதம் செய்வதற்குப் பழைய பெயர் வஞ்சினம்.

கண்ணகி மதுரைக்குச் சாபமிட்டாள் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். சிலப்பதிகாரத்தில் அந்தக் காதைக்கு வஞ்சின மாலை என்றே பெயர். 'ஒழிப்பேன்' என்கிறாள், ஒழியட்டும் என்று தெய்வத்திடம் விட்டுவிடவில்லை. செய்யப்போவதைச் சொன்னால் சபதம். நடந்ததை, நடக்காததை உறுதி செய்வது பாட்டியுடையது போன்ற சத்தியம்.

'இருந்தால்', 'செய்தால்' என்ற நிபந்தனையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கோயில் கல்வெட்டுகளின் கடைசியில், இந்தத் தர்மத்தைக் கெடுத்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று இருக்கும். நிபந்தனை உண்டு, ஆனாலும் அடி அடுத்தவனுக்கு, ஆகவே சாபம்தான். கோர்ட் சத்தியப் பிரமாணத்தில் சாபமே கிடையாது. அங்கே பொய் சொன்னால் கண் போகாது, ஜெயில்தான்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். 'சபித்தாள்' என்பதை எடுத்துவிடுங்கள். 'சத்தியம் செய்தாள்' என்றுகூட எழுத வேண்டாம். பாட்டி சூடத்தை அணைக்கட்டும். அண்டாவைப் பறிகொடுத்தவள் தெருவில் இறங்கி மண்ணை வாரித் தூற்றட்டும்.