பதில்: ரோபோ யோசிப்பதற்குள் எல்லாரும் மறுபடி பேசிவிடுகிறார்கள்

வணக்கம். உங்கள் கல்லூரி வரவேற்பு ரோபோ பதில் சொல்ல மூன்று வினாடி எடுக்கிறது, அதற்குள் எதிரே நிற்பவர் கேள்வியைத் திரும்பக் கேட்டு எல்லாம் குழம்பிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மைக்கை மாற்றினால் இது தீராது.

மனிதர்கள் பேச்சில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 0.2 வினாடிதான். 2009இல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஆய்வில் வந்த கணக்கு இது. ஒரு வினாடி மௌனமே 'காதில் விழவில்லை போல' என்று தோன்ற வைக்கும். மூன்று என்றால் கேட்கவே வேண்டாம்.

ரோபோ யோசிக்கிறது என்று எதிரே நிற்பவருக்குத் தெரிய, கேள்வி முடிந்ததும் அதன் கண்களைச் சற்றே விலக்குங்கள், பதிலை முடிக்கும்போது ஆளைப் பார்க்கட்டும். நாமும் அப்படித்தான், பேச்சின்போது பார்வையும் சைகையும் எப்படி இயங்குகின்றன என்று ஆராய்ந்த ஆடம் கெண்டன் 1967லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். திரையில் வரைந்த கண்ணானாலும் பரவாயில்லை. கூடவே ஒரு 'ம்ம்...' சேருங்கள். ஆனால் நாலைந்து விதமாகப் பதிவு செய்யுங்கள், ஒரே 'ம்ம்' பத்துத் தடவை வந்தால் எரிச்சல்தான்.

அப்புறம், ரோபோவின் பக்கவாட்டுத் தலையாட்டலை எடுத்துவிடுங்கள். நமக்கு அது 'சரி'. வெளிநாட்டு விருந்தினர் 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவார்.