பாம்பன் பாலத்திலிருந்து ரயில் விழவில்லை

கேள்வி: 1964 புயலில் பாம்பன் பாலத்திலிருந்து ரயில் கடலில் விழுந்ததாமே? அப்படிப்பட்ட பாலத்தில் 2022 வரை எந்தத் துணிவில் வண்டி ஓட்டினார்கள்?

ராமேஸ்வரம் போய்வந்த யாரோ உங்களுக்கு இப்படிச் சொல்லியிருக்க வேண்டும், நீங்களும் நம்பியிருக்கிறீர்கள். உங்கள் மீது கோபமில்லை. ஆனால் அந்தப் பாலத்தில் கலாசியாக, அதாவது ரயில்வேயின் உடலுழைப்புத் தொழிலாளியாக, வேலை பார்த்தவரின் பேரன் என்ற முறையில் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

1964 டிசம்பர் 22 இரவு கடல் கொண்டுபோன வண்டி, 653-ஆம் எண் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர். விடை அதன் பெயரிலேயே இருக்கிறது. பாம்பன் நிலையம் தீவில் உள்ளது. பாலமோ அதற்கு மேற்கே, மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவில் உள்ளது. அந்தப் பயணத்தில் வண்டி பாலத்தின் பக்கமே போகவில்லை. தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்தபோது பேரலை அதை வாரிச் சென்றது.

சில ஆண்டுகளுக்கு முன் பாலத்தின் மீது வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது, எதிர் இருக்கையில் இருந்த ஒருவர், "இங்கேதான் ரயில் கவிழ்ந்தது" என்று தம் மகளிடம் கையை நீட்டிக் காட்டினார். குழந்தை பயந்து சன்னலை விட்டு நகர்ந்தது. நான் பணிவாகத்தான் திருத்தினேன். அவர் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டி, "இதில் இப்படித்தானே சொல்கிறார்கள்?" என்றார். என் தாத்தா முப்பது வருடம் உப்புக்காற்றில் நின்றதற்குக் காணொளி ஏதும் இல்லை.

1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பெரும்பகுதி, தூண்களின் மேல் வரிசையாக வைத்த சாதாரண கர்டர்கள்தான், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் உத்தரங்கள். கப்பல் போக வழிவிடும் நடுப்பகுதி மட்டும் முக்கோணம் முக்கோணமாகக் கோத்த இரும்புச் சட்டகம் (எஃகு என்று திருத்த வருவீர்கள், எங்கள் ஊரில் அது இரும்புப் பாலம்தான்). சிகாகோவின் ஷெர்சர் நிறுவனத்தின் முறைப்படி அமைந்த இரண்டு இறக்கைகள் அவை. ஒவ்வொன்றின் கரைப்பக்க அடியும் வில்லாக வளைந்திருக்கும். சாய்வு நாற்காலி பின்னுக்குச் சாய்வதுபோல் அந்த வளைவின் மேல் உருண்டுதான் இறக்கை மேலெழும்பும். நூற்றுக்கணக்கான டன் எடைக்கு ஈடாகப் பின்புறம் எதிர்பாரம் இருந்ததால், அதை எழுப்ப மோட்டார் தேவைப்படவில்லை. தாத்தாவும் அவருடைய கூட்டாளிகளும் நெம்புகோல்களைப் பிடித்துத் தள்ளிச் சுற்றியே திறந்தார்கள். காற்று பலமாக வீசினால், ஆள் எத்தனை பேர் இருந்தாலும் அவர் நெம்புகோலில் கை வைக்க மாட்டாராம்.

புயல் பாலத்தை ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கர்டர்களில் பெரும்பாலானவை கடலுக்குள் போயின. மறுநாள் தாத்தா கரைக்குப் போய்ப் பார்த்தபோது, இரண்டு பக்கமும் வெறும் தூண்கள் நிற்க, நடுவே அந்த இரண்டு இறக்கைகள் கொண்ட தூக்குப் பாலம் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்ததாம். கரையோடு தொடர்பில்லாமல் நின்ற அதைப் பார்த்து, 'இனி யாருக்காக இதைத் திறப்பது' என்று நினைத்ததாகச் சொல்வார்.

பிறகு நடந்தது பலரும் அறிந்ததே. இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாட்களில் பாலம் சீரமைக்கப்பட்டது. அவரைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். தாத்தாவே அவரைப் பற்றி மரியாதையில்லாமல் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் கர்டர்கள் கடலில் எங்கே கிடக்கின்றன என்று காட்டியவர்கள் மீனவர்கள். மூழ்கிய கர்டர்களை மீட்டெடுத்து மறுபடி தூண்களில் ஏற்றியதால்தான் அத்தனை விரைவு கைகூடியது. பாராட்டுக் கட்டுரைகளில் அவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை என்பது எனக்குத் தனிக் குறை.

ஆகவே, துணிவு எங்கிருந்து வந்தது என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: தூண்களும் தூக்குப் பாலமும் அந்த இரவைத் தாங்கியவை. 2007-இல் மீட்டர் கேஜ் என்ற குறுகலான பாதை மாறி அகலப் பாதையின் கூடுதல் பாரம் ஏறியபோதும் அவை சுமந்தன. 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்த வைத்தது புயல் அல்ல, நூறாண்டு உப்புக்காற்று அரித்த துரு. 2025 ஏப்ரல் 6 முதல் வண்டிகள் பக்கத்துப் புதுப் பாலத்தில் போகின்றன.

அடுத்த முறை ராமேஸ்வரம் வந்தால் தனுஷ்கோடி ரயில் நிலையத்தின் இடிந்த சுவர்களுக்கு அருகில் நின்று மேற்கே பாருங்கள். இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால், பாம்பன் பாலம் அங்கிருந்து கண்ணுக்கே தெரியாது.